கைப்பையின் நடு அறை

தேவாலயத்தில் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று ஆர்லன் வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. பெட்டிக்குள் அவர் மனைவி வெர்னா, உயிரோடு இருந்திருந்தால் தொட்டே பார்த்திருக்காத ஒரு உதட்டுச் சாயத்தோடு படுத்திருந்தாள். புதன்கிழமை சூப்பர்மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டியைப் பிடித்தபடியே சரிந்தவள்தான். நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் ஆர்லனோடு துப்பாக்கி சுடப் போகும் டெல்பர்ட் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் எங்கே எதைப் பேசுவது என்று ஒரு கணக்கே கிடையாது.

"ஒண்ண நெனச்சு மனசத் தேத்திக்கப்பா. கடைசி நிமிஷம் வரைக்கும் அவ வெறுங்கையா இல்ல. பையில அது இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு" என்றார் ஆர்லன்.

"விக்கிற எண்ணம் வந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லு. இருநூறு ரவுண்டு, ஒரு தடவகூட சிக்கலன்னா சும்மாவா?"

போன வாரம் வரை இதே பேச்சை ஆர்லனே தீவனக் கடையிலும், முடிவெட்டும் இடத்திலும், ஏன், இதே தேவாலயத்தின் படிக்கட்டிலும் நின்று யாரும் கேட்காமலே பேசிக்கொண்டிருந்தவர். இன்று அதைக் காதில் வாங்க முடியவில்லை. பெட்டிக்குள் இருப்பவள் கேட்டுவிடுவாளோ என்பதுபோல டெல்பர்ட்டின் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டார்.

எல்லாம் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில் ஒருவன் கொள்ளையடித்துவிட்டுப் போனதில் தொடங்கியது. மறுவாரமே ஆர்லன் உள்ளங்கை அளவில் ஒரு துப்பாக்கியை வெர்னாவுக்கென்று வாங்கி வந்துவிட்டார். அவளுக்கோ விரல் மூட்டெல்லாம் வீக்கம், குண்டேற்ற அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்கவே முடியவில்லை. இளக்கமான ஸ்பிரிங் மாற்றினார். இழுக்க வந்தது, குண்டு சிக்க ஆரம்பித்தது. வேறொன்று மாற்றினார். குண்டு ஏறுகிற வழியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார். கொட்டகையே கதி என்று கிடந்தார், சோற்றுக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு பழக்குவது. தொடர்ந்து இருநூறு குண்டு சிக்காமல் போனால்தான் நம்பலாம், நடுவில் ஒன்று சிக்கினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்பது ஆர்லனின் சட்டம். கைவிட்ட கல்குவாரி ஒன்றில் அவர் சுட, வெர்னா பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து கட்டைவிரல் கன்றிப்போக மேகசினில் குண்டுகளை நிரப்பிக் கொடுப்பாள். ஒருநாள் இருநூறை நெருங்கும்போது சிக்கியது. மறுபடி முதலிலிருந்து என்றார். வெர்னா நிரப்பிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "எவனாவது வந்தா நான் பர்ஸையே குடுத்துட்டுப் போறேன், விடேன் ஆர்லன்" என்றாள். வீடு வந்து சேரும்வரை அவர் அவளோடு பேசவில்லை.

துப்பாக்கி தேறியதும் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டார். நடு அறைதான் சட்டென்று கைக்கு வரும் இடம். அந்த ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வழுவழுப்பாக்கினார். உள்ளே இருந்த சீப்பு, பெப்பர்மின்ட், பழுப்புக் கண்ணாடிப் புட்டி எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பினார். வேறு எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது, சின்னப் பொருள் ஒன்று விசையில் மாட்டினாலும் ஆபத்து என்றார். அதில் தப்பும் இல்லை. துப்பாக்கி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"அப்ப என் மாத்திரைய எங்க வைக்கிறது?"

நெஞ்சு வலித்தால் உடனே நாக்குக்கடியில் வைக்க வேண்டிய மாத்திரை அது. மற்ற அறைகளில் போட்டால் துழாவித்தான் எடுக்க வேண்டும், அதனால்தான் நடுவில் வைத்திருந்தாள்.

"கார்ல வையி. கார் இல்லாம நீ எங்க போற?"

அவள் வைத்தாள். கியருக்குப் பக்கத்தில், காபிக் கோப்பை வைக்கும் குழியில். புதன்கிழமை ஆயில் மாற்றுவதற்காக ஆர்லன் அவள் காரை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு, பிக்கப்பை எடுத்துக்கொண்டு போ என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது காருக்கடியில் மல்லாந்து கிடந்தார். எழுந்து கையைத் துடைக்கும்போது திறந்திருந்த கதவு வழியாக அந்தப் புட்டி தெரிந்தது.

மகள் மார்லா அன்று சாயங்காலமே ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்துவிட்டாள். வந்த கையோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். மாத்திரை இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர், சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார். "பையிலயே வையின்னு எத்தன தடவ தலபாடா அடிச்சுக்கிட்டேன். மறந்துட்டா. எப்பவும்போல மறந்துட்டா" என்று அழுதாள். ஆர்லன் அப்போதே சொல்லியிருக்கலாம். கையில் காபி இருந்தது, அதைக் குடித்தார்.

ஆராதனை தொடங்கியது. பாஸ்டர் ஹோபர்ட் வெர்னாவின் மறதியைப் பற்றி ஆரம்பித்தார். வீட்டுச் செருப்போடு ஈஸ்டர் ஆராதனைக்கு வந்து நின்றதை, கார் கூரையில் கேக்கை வைத்துவிட்டு ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டு போனதைச் சொன்னார். ஜனங்கள் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார்கள். ஆர்லனும் சிரித்தார். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே கேட்டது.

"புதன்கிழமையும் நம்ம வெர்னா ஒண்ண மறந்துட்டாங்க. ஆனா கர்த்தர் அவங்கள மறக்கல" என்றார் பாஸ்டர்.

ஆமென் என்றார்கள். ஆர்லனுக்கு முகம் தீயாக எரிந்தது. செத்தவளால் எழுந்து வந்து, நான் மறக்கவில்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். உட்கார்ந்துதான் இருந்தார்.

அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் ஹாம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறி, எல்லாரும் கலைந்து வீடு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. மார்லா சமையலறை மேஜையில் அம்மாவின் கைப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியை போலீஸ் டெபுடி முந்தாநாளே தனியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார், நடு அறை காலி. அந்தப் பையைத் தானே வைத்துக்கொள்ளப்போவதாக மார்லா சொன்னாள்.

ஆர்லன் கொட்டகைக்குப் போனார். கார் இன்னும் ஜாக்கியின் மேலேயே நின்றது. திரும்பி வந்து மேஜையருகே நின்று, கையிலிருந்த பழுப்புப் புட்டியை நடு அறைக்குள் வைத்தார். உள்துணியில் வருஷக்கணக்காக அழுந்தி வட்டமாக ஒரு தடம் இருந்தது. புட்டி அதில் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

மார்லா தடத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா மறக்கலயா?"

"மறக்கல. நாந்தான் எடுத்தேன்."

அவள் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அது ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.