எரிவும் நோவும்

“நஸ்லின், ராத்தாக்கு எரியுதா நோகுதா எண்டு உங்களுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியுமா?”

கிளினிக்கில் வைத்து மிட்வைஃப் கஜனி மிஸ் இப்படிக் கேட்டபோது நஸ்லின் தன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். வீட்டுக்கு ஆள் வந்தாலே குசினிக்குள் ஒளிந்துகொள்கிறவள் அவள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டதும் எழும்பி நின்று வாசிக்கச் சொல்கிறார்களே என்றுதான். ஆறு மாதக் கர்ப்பிணியான ராத்தா ஹப்ஸாவுக்குத் துணையாக வந்த தன்னிடம் எதற்கு இந்தக் கேள்வி என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரணம் இருந்தது. ஹப்ஸாவுக்குக் கொரியா நூடுல்ஸில் அடங்காத ஆசை. கல்முனைக் கடையில் ஹலால் முத்திரை பார்த்து வாங்கி வந்ததும், உம்மா அஸர் தொழும் நேரமாகப் பார்த்து அவித்துக் கொடுத்ததும் நஸ்லின்தான். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்ததிலிருந்து உம்மா றாஹிலா மகள் வாயில் வைக்கும் ஒவ்வொரு பிடிக்கும் காவல் நின்றாள். ஆகவே எல்லாம் களவாக நடந்தது.

ஹப்ஸா அதைச் சொல்லிவிட்டபோதும் மிஸ் ஏசவில்லை. “கொரியாக்காரிகளும் பிள்ளை பெறுறாங்கதானே. அவிச்ச தண்ணிய ஊத்திப்போடுங்க. மசாலாப் பக்கெட்டில பாதிதான் போடோணும். உப்பும் உறைப்பும் அதுக்குள்ளதான் கிடக்கு. முட்டைய நல்லா அவிச்சுப் போடுங்க, ஒரு பிடி கீரையும். கிழமைக்கு ஒருக்காப் போதும். திண்ட கையோட படுக்க வேணாம். பிரஷர் கூடினா, முகம் வீங்கினா, இந்தப் பக்கமே போகப்படாது. நெஞ்சு எரிஞ்சா பாலைக் குடிங்க. நொந்தா எனக்குப் போன் எடுங்க. ரெண்டும் ஒண்டில்ல.”

கிளினிக் கார்டின் பின்புறத்தில் தன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து நஸ்லின் அந்த அளவைத் தாண்டவேயில்லை.

எட்டாம் மாதம். வெள்ளிக்கிழமை விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய ஹப்ஸாவின் முகம் வீங்கி அதைத்து இருந்தது. வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு சுவரோரம் குந்தினாள். “தலையும் இடிக்கி. கண்ணுக்குள்ள மின்மினி பறக்குது” என்றாள்.

போன கிளினிக்கில் பிரஷர் சரியாகத்தான் இருந்தது. உம்மா முதலில் பயந்தாள். பிறகு, அரிசி வாளிக்குப் பின்னால் நஸ்லின் ஒளித்து வைத்திருந்த வெறும் நூடுல்ஸ் பக்கெட்டுகள் அவள் கையில் அகப்பட்டன. பயமெல்லாம் ஒரே நொடியில் கோபமாயிற்று.

“இதுதானா உன்ட வருத்தம்? மிளகாப் படம் போட்டிருக்கக் கண்டும் வாங்கித் திண்டிருக்கிறியே. வயித்துப் புள்ளய உசிரோட அவிக்கிற யோசனையா?”

“எரியல்ல உம்மா. நோகுது.”

“எரிஞ்சா நோகாதா? மல்லி அவிச்சுத் தாறன், குடிச்சிட்டுப் படு.”

நஸ்லின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “ராத்தா கடைசியாத் திண்டது போன சனிக்கிழமை, உம்மா. நான்தான் அவிச்ச. பாதி மசாலாதான்…”

உம்மாவின் அறை விழுந்தது. கன்னத்தைத் தடவவும் மறந்து நின்றாள்.

வீட்டில் ஆம்பிளை இல்லை. வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். ஹப்ஸாவின் புருஷன், மச்சான் முர்ஷித், ஒலுவிலில் இருந்து படகேறி ஆழ்கடலுக்குப் போய்விட்டான். திரும்ப இன்னும் ஐந்து நாள். மதியம் ஜும்ஆத் தொழுகையும் முடிந்தது. மல்லித்தண்ணி மூன்று முறை கொடுத்தாயிற்று, மூன்று முறையும் ஹப்ஸா குடித்ததையெல்லாம் சத்தியெடுத்தாள்.

“அம்புலன்ஸுக்கு எடுப்போம் உம்மா” என்று ஹப்ஸா முனகினாள்.

“நூடுல்ஸ் திண்டு வயிறெரியுதெண்டு அம்புலன்ஸ் கூப்பிட்டா ஊரே சிரிக்கும். முதல் புள்ள போனதுக்கே எத்தின வாய் கதைச்ச. பொறு, இறங்கிரும்.”

அப்படிச் சொல்லிக்கொண்டே உம்மா நாலாம் முறைக்கும் மல்லி அவிக்க அடுப்பை மூட்டினாள். இதுவும் முதல் பிள்ளை போலாகும் என்று நம்பினால் மனம் தாங்காது என்றுதான் உம்மா நூடுல்ஸைப் பிடித்துத் தொங்கினாள். ஹப்ஸாவோ இப்போது முனகுவதையும் நிறுத்தியிருந்தாள்.

பின்னேரம் அஸர் தொழ உம்மா முஸல்லாப் பாயை விரித்ததும் நஸ்லின் போனையும் கார்டையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். பிறத்தியாருக்கு அவள் ஒருநாளும் போன் எடுத்தவளில்லை.

“ஹலோ, ஆரு?”

நஸ்லின் வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும்தான் போயிற்று.

“ஆரெண்டு கேக்கிறன்… சும்மா விளையாடாதீங்க.” மிஸ் வைத்துவிட்டாள்.

நஸ்லின் கிணற்றுக் கட்டில் நெற்றியை முட்டிக்கொண்டாள். யா அல்லாஹ், ஒரு சொல், ஒரே ஒரு சொல் தா. திரும்பவும் எடுத்தாள். எங்கே மிஸ் எடுக்காமல் விட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு மணிக்கும் உயிர் போய் வந்தது.

“ஹலோ.”

“எரியல்ல மிஸ்” என்றாள். அழுகை முந்திக்கொண்டு வந்தது. “நோகுது.”

“நஸ்லினா? கண் மங்குதா ராத்தாக்கு?”

“ஓம்.”

“அம்புலன்ஸுக்கு நான் சொல்றன். இடப்பக்கமாச் சரிச்சுக் கிடத்துங்க. ஒண்டும் குடுக்காதீங்க. வாறன்.”

பத்து நிமிடத்தில் மிஸ்ஸின் ஸ்கூட்டி முற்றத்தில் நின்றது. பிரஷர் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தவள் மறுபடியும் அடித்துப் பார்த்தாள். “நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து” என்று மெதுவாகச் சொன்னாள். வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் காது கொடுத்தாள். “துடிப்புக் கேக்குது. இனிப் பிந்தப்படாது. வலிப்பு வந்திட்டா ரெண்டு பேருக்கும் ஆபத்து.”

உம்மா மல்லித்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். “மிஸ், இந்தக் கொரியாச் சாமானத் திண்டு…”

“இது அதால வந்ததில்லம்மா. இது பிரஷர் வருத்தம். எத்தினை மணிக்குத் தொடங்கின?”

உம்மா கோப்பையைக் குனிந்து பார்த்தாள். மிஸ் நஸ்லினைப் பார்த்தாள்.

“சுபஹுக்கு” என்றாள் நஸ்லின்.

வெளியே அம்புலன்ஸின் சத்தம் கேட்டது. ஹப்ஸாவைத் தூக்கி ஏற்றினார்கள். அவள் கண் பாதி மூடிக் கிடந்தது. நஸ்லின் பிடித்த விரல்கள் திருப்பிப் பிடிக்கவில்லை.

“கூட ஆர் வாற?” என்று மிஸ் கேட்டாள்.

உம்மா அபாயாவை மாட்டிக்கொண்டு வந்தாள். கோப்பை இன்னும் கையில் இருந்தது. அதை மதில் மேல் வைத்தாள். தான் அறைந்த நஸ்லினின் கன்னத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறிப் போனாள்.