ஒரு சாண் உயரம்

"தூக்கு, தூக்கு... இன்னும் ஒரு சாண் தூக்கு. போதும். இப்ப எண்ணு."

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண், லிவரை விட்டுவிட்டு வாய்க்குள்ளேயே மூன்று வரை எண்ணினாள். வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு இரும்பு நாக்குகளின் மேல் மணல் மூட்டைகள் அடுக்கிய மரத்தட்டு இருந்தது. அவள் எண்ண எண்ண, யாரும் தொடாமலே அது மெல்லக் கீழே இறங்கியது. மூன்று என்றதும் வண்டியை முன்னால் விட்டாள். தட்டு எங்கும் உரசாமல் இரும்பு அடுக்குக்குள் போய் உட்கார்ந்தது.

"அவ்வளவுதான். கிழவி மனசு அறிஞ்சு நடந்துக்கிட்டா, கிழவியும் நம்ம பேச்சைக் கேப்பா" என்றார் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர்.

கிழவி என்பது அந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குப் பயிற்சிக்கு வந்த பெண்கள் வைத்த பெயர். ஏதோ தொழிற்சாலை உழைத்துக் களைத்த வண்டியைப் பயிற்சி மையம் நடத்தும் அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்திருந்தது. எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். தூக்கிய பாரத்தைத் தூக்கிய இடத்தில் வைத்திருக்க அதனால் முடியாது. அதனால் மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: ஒரு சாண் கூடுதலாகத் தூக்கு, மூன்று எண்ணு, நேராக உள்ளே விடு. நின்று நிதானித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தட்டு இன்னும் இறங்கிவிடும். எனவே பார்க்கவே கூடாது, எண்ணிக்கைதான் கணக்கு. பெண்களின் கைகள் இதை நன்றாகவே பிடித்துக்கொண்டன.

எல்லோரும் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள். அங்கே பெண்ணாகப் பிறந்தால் ஒன்று மூட்டை சுமக்க வேண்டும், இல்லையென்றால் தெருக் கூட்ட வேண்டும். மூன்றாவதாக ஒரு வேலை இருப்பதாக அறக்கட்டளைக்காரர்கள் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். பயிற்சி இலவசம், நீலச் சட்டை இலவசம், தேறியவர்களை எடுத்துக்கொள்வதாக மாவுக் கிடங்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. நெட்டை மூட்டை சுமந்துகொண்டிருந்ததும் அதே கிடங்கில்தான். காலையில் அங்கே சுமந்துவிட்டு மதியத்துக்கு மேல் பயிற்சிக்கு ஓடி வருவாள்.

அவளுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். தலைச்சுமையில் கழுத்தெலும்பு தேய்ந்து வலது கை விரல்கள் மரத்துப்போய்க் கொண்டிருந்தன. காலையில் மகளின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போட வராது. மகளே போட்டுக்கொண்டு, "அம்மா, நீ சும்மா பிடிச்சுக்கோ, போதும்" என்பாள்.

"இனிமே தலையில பாரம் ஏத்துனீங்கன்னா கை போயிடும்மா. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது. வேற வேலை பாருங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெந்நீர் குடியுங்கள் என்பதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

தேர்வுக்கு முதல் நாள் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பாயில் படுத்தபடியே கையை மேலே இழுத்தாள், விட்டாள், எண்ணினாள்.

"ஏய், என் கையை விடுடி. நான் லிவர் இல்ல" என்றான் புருஷன். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பவன் அவன். வேலை இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. வாய் மட்டும் குறையாது.

"நாளைக்குக் கோட்டை விட்டேன்னா?"

"விட்டா என்ன, அடுப்படியில நின்னு எனக்குச் சோறு போடு. அங்கயும் எதையாவது இடிச்சுட்டுத்தானே நிக்கிற?" அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலை மாற்றினான். "விட மாட்டே. நீ எடுத்த காரியத்த விட்டிருக்கியா? விட்டிருந்தா என்னை எப்பவோ விட்டிருப்பே."

தேர்வுக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். நெட்டை, குட்டி என்று கூப்பிடும் அவள் பக்கத்து வீட்டுப் பெண், தெருக்கூட்டும் வேலையிலிருந்து வந்த ஒரு அக்கா. கிடங்கின் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் நெட்டை.

புது வண்டி மஞ்சளாக மினுமினுத்தது. இருக்கையில் உட்கார்ந்ததுமே பயம் பாதி போய்விட்டது. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பக்கத்தில் மேஸ்திரி. மாவு மூட்டைத் தட்டு ஒன்றை எடுத்து இரண்டாவது அடுக்கில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். நெட்டை தட்டை அலுங்காமல் எடுத்தாள், வளைத்தாள், அடுக்குக்கு நேராக நிறுத்தினாள். மேஸ்திரி மேலாளரைப் பார்த்துத் தலையாட்டுவது கடைக்கண்ணில் தெரிந்தது. தூக்கினாள். ஒரு சாண் கூடுதலாகத் தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. முன்னால் விட்டாள்.

மேல் வரிசை மூட்டைகள் இரும்புச் சட்டத்தில் போய் இடித்தன. ஒரு மூட்டை பிதுங்கிக் கிழிந்து அவள் தலையிலும் தோளிலும் மாவு கொட்டியது. இன்னொன்று தரையில் விழுந்து வெடித்தது.

"நிறுத்து! நிறுத்தும்மா!" என்று மேலாளர் கத்தினார். அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். என்ன தவறு செய்தோம் என்று அப்போதும் அவளுக்குப் புரியவில்லை.

சுவரோரமாக நிற்கச் சொன்னார்கள். தரையைக் கூட்டிவிட்டுக் குட்டியைக் கூப்பிட்டார்கள். குட்டியும் தட்டை அழகாக எடுத்தாள், அழகாக வளைத்தாள், தூக்கினாள். அடுக்குக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தட்டு அசையாமல் நின்றது. குட்டியின் உதடு மட்டும் அசைந்தது. நெட்டைக்கு அப்போதுதான் உறைத்தது. இது கிழவி இல்லை. இது இறங்காது.

"இறக்குடி! ஒரு சாண் இறக்கு!" என்று கூவினாள்.

"யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாது!" என்றார் மேலாளர். அதற்குள் குட்டி தலையிலும் மாவு கொட்டிவிட்டது.

மூன்றாவதாக வந்த அக்காவும் அதையேதான் செய்தாள். மேலாளர் சட்டையில் பட்ட மாவைத் தட்டிக்கொண்டார். "மூணு பேருக்கும் ஒரே வியாதியா இருக்கே. அந்தச் சென்டர்ல என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

நெட்டை முன்னால் வந்தாள். "சார், அங்க இருக்கிற வண்டி பழசு. தூக்குனது தானா இறங்கிடும். அதுக்கு ஏத்த மாதிரி பழகிட்டோம். இப்ப தெரிஞ்சு போச்சு சார். இன்னொரு தடவை ஓட்டிக் காட்டறேன். ஒரே ஒரு தடவை."

"ஆளுக்கு ஒரு வாய்ப்புதான்மா. குடுத்தாச்சு. இது மூட்டை, சரி. கீழே மனுஷன் நின்னிருந்தா?"

மூன்று பேரும் சுண்ணாம்பில் முக்கியெடுத்தவர்களைப் போல வெளியே வந்தார்கள். குட்டி வழியெல்லாம் அழுதாள். நெட்டைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேராகப் பயிற்சி மையத்துக்குப் போனாள்.

மாஸ்டர் கிழவிக்கு அடியில் ஒரு தகர டப்பாவை வைத்து எண்ணெய் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கோலத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"வேற வண்டி இப்படி இறங்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாஸ்டர்?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்மா. ஆனா அதைச் சொன்னா, அப்புறம் இதுல நீங்க எப்படிப் பழகுவீங்க? ரெண்டும் சேர்ந்து குழம்பிடுவீங்கன்னு..." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எண்ணெய் கசியாம இருக்க சீல் மாத்திக் குடுங்கன்னு மேல எத்தனையோ தடவை கேட்டேன். வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தாங்க. பார்க்க வர்றவங்களுக்கு சீல் எங்க தெரியப் போகுது? பெயிண்ட்தான் தெரியும்."

"எங்க கதி?"

"பயிற்சி முடிச்சவங்க கணக்குல நீங்க மூணு பேரும் வந்துட்டீங்கம்மா. அதுல ஒண்ணும் குறை இல்ல" என்றார் மாஸ்டர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் நெட்டை மறுபடியும் லாரிக்கும் கிடங்குக்கும் நடுவே மூட்டை சுமந்தாள். குட்டி வேறெங்கோ வீட்டுவேலைக்குப் போய்விட்டாள். அக்கா தெருவுக்கே திரும்பிவிட்டாள். கிடங்குக்கு வெளியிலிருந்து ஒரு டிரைவரை எடுத்தார்கள். நல்ல மனுஷன்தான். ஆனால் அவனுக்கு இன்னொரு கிடங்கிலும் வேலை இருந்தது. பாதி நாள் ஆளைப் பார்க்க முடியாது.

ஒரு நாள் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. டிரைவர் போனை எடுக்கவில்லை. மேஸ்திரி அங்கும் இங்கும் நடந்து பார்த்துவிட்டு நெட்டையிடம் வந்தார்.

"ஏம்மா, நீதான் பழகியிருக்கியே. இந்த ஒரு லோடு மட்டும் இறக்கிக் குடு. மேலாளர் ஊர்ல இல்ல."

அவள் ஏறி உட்கார்ந்தாள். முதல் தட்டைத் தூக்கும்போது கை தானாக ஒரு சாண் மேலே போனது. நிறுத்தினாள். எண்ணவில்லை. கண்ணால் பார்த்து இறக்கி, அடுக்குக்கு நேராக வைத்து, உள்ளே விட்டாள். உரசல் இல்லை. நாலைந்து தட்டுக்குள் கை புது வழக்கத்துக்கு வந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் அன்றைக்கு ஒரு தடவை கேட்டாள்.

ஒரு லோடு பல லோடாகியது. டிரைவர் வராத நாளெல்லாம் நெட்டை ஓட்டினாள். பிறகு அவன் அநேகமாக வருவதே இல்லை, சம்பளத்துக்கு மட்டும் தலை காட்டினான். அவளுக்கு அதே சுமைகூலிதான். இருந்தாலும் அவள் வாய் திறக்கவில்லை. விரல்களில் உணர்வு திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் மகளின் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை அவளே போட்டுவிட்டாள். மகள் அதிசயமாகப் பார்த்தாள்.

"கேட்டுப் பாரு. ஓட்டறது நீ, பேரு அவனுக்கா?" என்றான் புருஷன்.

கேட்டாள். மேஸ்திரி காதைச் சொறிந்துகொண்டார். "எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? ஆனா டெஸ்ட்ல தோத்தவங்களை டிரைவர்னு எப்படி எழுதறது? மேலாளர்கிட்ட யார் பேசறது? ஓட்ட விடறேனே, அதையே பெரிய மனசுன்னு நினைச்சுக்கோ."

அவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். பாரம் வண்டியின் மேல் இருந்தது, தலையில் இல்லை. அதுவே போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். போதாது என்பது அவளுக்கும் தெரியும்.

அன்றைக்கு மேல் அடுக்கில் தட்டை வைக்கப் போகும் நேரத்தில் மேஸ்திரி தலைதெறிக்க ஓடி வந்தார்.

"இறங்கு, இறங்கு! பாதுகாப்பு அதிகாரி வந்திருக்கார். மேலாளரும் கூட வர்றார். நீ இதுல உக்காந்திருக்கிறதைப் பார்த்தா என் வேலையும் போயிடும்."

"தட்டு மேல நிக்குதுங்க. வெச்சுட்டு வர்றேன்."

அவள் அவசரப்படவில்லை. தட்டை உள்ளே விட்டு, நாக்குகளை உருவி, தரைவரை இறக்கி, சாவியைத் திருப்பி அணைத்தாள். இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்தாள். வாசலில் லாரி பாதி லோடு இறங்கிய நிலையில் நின்றது. வேலை நடப்பதுபோல் தெரிய வேண்டும். மற்றப் பெண்கள் ஏற்கெனவே சுமக்க ஆரம்பித்திருந்தார்கள். அவளும் போய் வரிசையில் நின்றாள்.

அதிகாரி மஞ்சள் வண்டியைச் சுற்றி வந்தார். அடுக்குகளை அண்ணாந்து பார்த்தார். தட்டுகள் நூல் பிடித்தாற்போல வரிசையாக இருந்தன.

"டிரைவர் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கார் சார். இப்ப வந்துடுவார்" என்றார் மேஸ்திரி.

"ஒரு மூட்டைகூடப் பிதுங்கல. நான் பார்த்த குடோன்லயே இதுதான் சுத்தம்." அதிகாரி மேலாளர் பக்கம் திரும்பினார். "நல்ல டிரைவர் கிடைச்சிருக்கார் உங்களுக்கு."

"ஆமா சார். தேர்வு வெச்சுப் பொறுக்கி எடுத்தோம்" என்றார் மேலாளர்.

நெட்டை குனிந்தாள். லாரியில் நின்ற இரண்டு பேர் மூட்டையை இறக்கி அவள் தலையில் வைத்தார்கள். கழுத்தில் பழைய வலி சுரீரென்று ஏறி, வலது கைக்குள் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அதிகாரியும் மேலாளரும் மேஸ்திரியும் நடைபாதையை அடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றாள்.

மூவரும் பேச்சை நிறுத்தாமலே ஒதுங்கி நின்றார்கள்.