வெள்ளிக்கிழமைக்குள் ஐந்நூறு

திருமலைசாமி கட்ட வேண்டியிருந்தது ஐந்நூறு ரூபாய்தான். சோமனூரில் அவருடைய தறிக்குடோனில் பன்னிரண்டு தறிகள் ஓடின. ஒரு தறியின் மோட்டார் எரிந்துபோனால்கூட அதைவிட அதிகம் ஆகும். அதனால்தான் அவர் அந்தத் தொகையைப் பெரிதாக நினைக்கவில்லை.

குடோன் நிற்கும் பதினெட்டு சென்ட் இடம் தன்னுடையது என்று பெரியப்பன் மகன் தம்பிதுரை கோயமுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். இருபது வருடத்துக்கு முன்னால் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட நிலம் அது. பத்திரம் கிடையாது. வழக்கு என்று வந்தால் சாட்சி சொல்ல ஊரில் ஆள் இருந்தது, நிலவரி கட்டிய கந்தாய ரசீது இருந்தது, கரண்டு பில்லும் திருமலைசாமி பேரிலேயே இருந்தது. ஆனால் கூலி உயர்வுக்காகத் தறிகள் நின்றுபோயிருந்த மாதத்தில் அவர் இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை. கோர்ட்டில் மூன்று முறை பேரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. பிரதிவாதி வரவில்லை, இனி ஒருதலைப்பட்சமாக விசாரிக்கலாம் என்று உத்தரவாகிவிட்டது.

அதை நீக்கச் சொல்லி அவருடைய வக்கீல் மனுப் போட்டார். 1994 ஜூன் மாதம் அந்த மனுவில் உத்தரவு வந்தது. பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வாதிக்கு ஐந்நூறு ரூபாய் செலவுத்தொகை கொடுத்தால் மனு அனுமதிக்கப்படும். தவறினால் மனு தள்ளுபடி.

வக்கீலின் குமாஸ்தா உமர் பாரூக் கோட்டைமேட்டுக்காரர். முப்பது வருடமாகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்குகிறவர். டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து அவர் விளக்கினார்.

“இது பைன் இல்லைங்க. கோர்ட்டுக்குப் போற காசும் இல்லை. நீங்க வராததால எதிராளி ரெண்டு நாள் அலைஞ்சாரில்லைங்களா, அதுக்கு நீங்க குடுக்கறது. எடம் யாருதுன்னு இன்னும் யாருமே கேக்கலை. அதைக் கேக்கற வாசலுக்குள்ள போறதுக்குத்தான் இந்த ஐநூறு.”

“குடுத்துட்டாப் போச்சு.”

“குடுத்தாப் போதாதுங்க. பணம் போச்சான்னு ஜட்ஜு கேக்க மாட்டாரு. காயிதம் வந்துச்சான்னுதான் பாப்பாரு. எதிர்வக்கீல் கையில குடுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’னு மெமோவுல கையெழுத்து வாங்கோணும். அவரு இல்லைன்னாலோ வாங்க மாட்டேன்னாலோ, கோர்ட்டுல சொல்லி சலான் வாங்கி, பேங்குல ரெண்டு மணிக்குள்ள கட்டோணும். சலான் துண்டு நம்ம கைக்கு வந்துட்டா ஆண்டவன் வந்து கேட்டாலும் பயமில்லை.”

எதிர்வக்கீலின் ஆபீசுக்குப் போனார்கள். வக்கீல் மெட்ராஸ் போயிருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார் என்றார்கள்.

“சனிக்கெழமையா?” என்று பாரூக் தாடியைத் தடவினார். “சரியாப் போச்சுங்க. கோர்ட்டுலயே கட்டிப்போடலாம். புதன்கெழமை காலைல பணத்தோட வந்துருங்க.”

திங்கட்கிழமை சாயங்காலம் தம்பிதுரையே குடோனுக்கு வந்தார். வழக்கு நடக்கிறது என்பதற்காக விசேஷத்துக்குச் சொல்லாமல் விடுகிற வழக்கம் அந்தப் பக்கம் இல்லை. கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. பன்னிரண்டு தறி ஓடும் இடத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும். தம்பிதுரை கத்தவில்லை. வாசலில் நின்று சிரித்தபடி காத்திருந்தார். திருமலைசாமி நான்கு தறிகளை நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“புதன்கிழமை பேத்தி நந்திதாவுக்குக் காது குத்தறோம், தம்பி. ஊட்ல எல்லாரும் வந்துபோடோணும்.”

“வந்தர்றோமுங்ணா. அப்புறம், அந்தக் கோர்ட்டுப் பணம்... உங்க வக்கீல் ஊர்ல இல்லீங்களாமா. கோர்ட்டுல கட்டிப்போடலாம்னு இருக்கறேன்.”

“கோர்ட்டுலயா?” தம்பிதுரையின் சிரிப்பு மாறவில்லை. “நீங்க கோயமுத்தூர் போய்க் கட்டி, நான் கோயமுத்தூர் போய் மனுக் குடுத்து வாங்கறதா? ஒரே பாட்டன் பேரனுங்க நாம. கேக்கறவங்க சிரிப்பாங்க தம்பி. புதன்கிழமை வாறீங்கல்ல, அங்கயே குடுத்துபோடுங்க.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது திருமலைசாமி மனைவியிடம் சொன்னார். மயிலாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“குடுங்க. ஆனா எழுதி வாங்கிக்கோங்க.”

“விசேச ஊட்ல போயி, சந்தனத்தைப் பூசிட்டு, ‘ஏனுங்ணா, கையெழுத்துப் போடுங்க’ன்னு நிக்கச் சொல்றயா?”

“வழக்குப் போடறப்ப அவருக்கு அந்த வெக்கமெல்லாம் இல்லீங்களே.”

அவர் தட்டில் கையைக் கழுவினார்.

புதன்கிழமை பந்தலில் கூட்டம் நெரிந்தது. தம்பிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்திக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். திருமலைசாமி பாக்கெட்டில் கைவைத்ததைப் பார்த்ததும், “அட, நம்ம சபரீஷ்கிட்டக் குடுத்துருங்க தம்பி, அவன் எழுதிக்குவான்” என்று கைகாட்டிவிட்டுப் பந்திக்குள் மறைந்தார்.

தம்பிதுரையின் மகன் சபரீஷ் மொய் மேசையில் உட்கார்ந்திருந்தான். திருமலைசாமி தாளைப் பிரித்துப் பிரித்துத்தான் கொடுத்தார்.

“இது மொய்யி, நூத்தியொண்ணு. இது ஐநூறு, கோர்ட்டுப் பணம். அப்பன்கிட்டச் சொல்லிரு கண்ணு.”

“செரீங்க சித்தப்பா.”

அவன் நோட்டில் எழுதுவதை அவர் கண்ணால் பார்த்தார். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து எழுத்து தலைகீழாகத் தெரிந்தது, ஆனால் தன் பேர் தெரிந்தது. மனசுக்குள் ஒரு நிம்மதி. கேட்காமலேயே எழுத்தில் வந்துவிட்டது. இலையில் உட்கார்ந்தார். தம்பிதுரை தானே வந்து இரண்டாம் முறை பாயசம் ஊற்றினார்.

மறுநாள் மத்தியானம் பாரூக் போன் செய்தார்.

“ஏனுங்க, நேத்து வருவீங்கன்னு பாத்தேன்.”

“அண்ணன்கிட்டயே சேத்தியாச்சுங்க.”

“மெமோவுல கையெழுத்து?”

“நோட்டுல எழுதியிருக்காங்க.”

“எந்த நோட்டுல?”

திருமலைசாமி சொன்னார். மறுமுனையில் கோர்ட்டு வராந்தாவில் யாரோ யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது.

“நாளைக்குக் காலைல இன்னொரு ஐநூறை எடுத்துட்டு வாங்க” என்றார் பாரூக், மெதுவாக. “ரெண்டு மணிக்குள்ள கட்டிப்போடலாம். ரெண்டு தடவை குடுத்ததாவே இருக்கட்டும்.”

“அப்படிக் கட்டினா, அண்ணன் வாங்கிட்டு இல்லைன்னு சொல்லுவாருன்னு நானே கோர்ட்டுல சொன்ன மாதிரி ஆவாதுங்களா? நாளைக்கு நோம்பி நொடி, விசேசம்னா அவரு மொகத்துல எப்படி முழிக்கறது?”

“உங்க அண்ணன் நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாதுங்க. சலான் எப்படின்னு தெரியும். அதுக்கு மொகம் கெடையாது.”

திருமலைசாமி போகவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு மணி அடித்தபோது அவர் குடோனில் அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டிருந்தார். கோயமுத்தூரில் பேங்குக் கவுண்டர் மூடியது. இங்கே எதுவும் மாறவில்லை. தறிகள் அதே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தன. கெடு வைத்த உத்தரவுக்கு ஒரு குணம் உண்டு. கெடு முடிந்தால் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். ‘தவறினால் தள்ளுபடி’ என்ற இரண்டு சொல் முன்னமே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. நேரம் வந்ததும் அது தானாக வேலை செய்துவிடும். பிற்பாடு ஜட்ஜு செய்வது, செத்ததைச் செத்தது என்று எழுதுவது மட்டுந்தான்.

திங்கட்கிழமை திருமலைசாமி கோர்ட்டுக்குள் நுழைந்தபோது தம்பிதுரை முன்பே வந்து பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “வாங்க தம்பி, சாப்டாச்சுங்களா?” என்றார். மடியில் ஒரு துணிப்பை.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

“செலவுத்தொகை?” என்றார் ஜட்ஜு, வழக்குக் கட்டைப் பார்த்தபடி.

“செலுத்தவில்லை, கனம் கோர்ட்டார் அவர்களே” என்றார் எதிர்வக்கீல்.

திருமலைசாமியின் வக்கீல் எழுந்து, பணம் வாதியின் வீட்டிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது, நோட்டில் பதிவும் இருக்கிறது என்றார். ஜட்ஜு நிமிர்ந்து பார்த்தார். வாதி வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

தம்பிதுரை கைகூப்பி முன்னால் வந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே பையிலிருந்து மொய் நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி நீட்டினார். அடையாளத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தாள் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது.

“பேத்தி காதுகுத்துக்குத் தம்பி மொய்யி வெச்சாருங்க. அறுநூத்தியொண்ணு. மறைக்கலீங்க. இதோ எழுதியிருக்குது.”

மொய் எப்போதும் ஒன்றில்தான் முடியும். நூற்றொன்று, இருநூற்றொன்று, ஐந்நூற்றொன்று. நூற்றொன்றோடு ஐந்நூறைக் கூட்டினாலும் ஒன்றில்தான் முடிகிறது. ஒரே வரி, ஒரே தொகை. அதற்கு மேலும் கீழும் அதே மாதிரி முப்பது வரிகள். அதைப் பார்க்கிற எவருக்கும் தாராள மனசுள்ள ஒரு பங்காளிதான் தெரிவார்.

“வேறு ரசீது உண்டா?”

வக்கீல் திரும்பித் திருமலைசாமியைப் பார்த்தார். திருமலைசாமி சபரீஷைத் தேடினார். அவன் வந்திருக்கவில்லை.

வக்கீல் நான்கு நாள் அவகாசம் கேட்டார். கெடு முடிந்த பிறகா என்று கேட்டுவிட்டு ஜட்ஜு எழுத ஆரம்பித்தார். மனு தள்ளுபடி. ஒருதலைப்பட்ச விசாரணை மத்தியானம் மூன்று மணிக்கு.

மூன்று மணிக்குத் தம்பிதுரை கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். திருமலைசாமி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். உட்காரலாம், கேட்கலாம், குறுக்கே ஒரு கேள்வி கேட்க வழியில்லை. வடக்கே வாய்க்கால், கிழக்கே ரோடு, தெற்கே கிணறு என்று அவர் குடோனின் நாலு பக்கத்தையும் எதிர்வக்கீல் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. சாட்சி ஊரில் தயாராக இருந்தது, கந்தாய ரசீது திருமலைசாமியின் மடியிலேயே இருந்தது. பதினோரு நிமிடத்தில் முடிந்தது. இடம் வாதியுடையது, இரண்டு மாதத்தில் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

“இந்தத் தீர்ப்பை நீக்கச் சொல்லி இன்னொரு மனு இருக்குதுங்க” என்றார் பாரூக், வராந்தாவில். “முப்பது நாள் டைம். அதுலயும் செலவுத்தொகை போடுவாங்க, இதைவிடப் பெருசா. அதுவரைக்கும் குடோனை விட்டு நகராதீங்க. வெளியாளை உள்ள விட்டுராதீங்க. யாரு வந்தாலும், எவ்வளவு மரியாதையா வந்தாலும்.”

திருமலைசாமி தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நின்றார். சோமனூர் பஸ் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அடுத்தது முக்கால் மணி கழித்து.

வெள்ளை அம்பாசிடர் ஒன்று அவருக்கு முன்னால் வந்து நின்றது. பின்சீட்டில் தம்பிதுரை. பக்கத்தில் சட்டைப்பையில் அளக்கிற இரும்பு டேப் வைத்திருந்த, முன்பின் தெரியாத ஒருவர்.

“வெயில்ல எதுக்கு நிக்கறீங்க தம்பி? ஏறுங்க, போலாம். இவரு பல்லடத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்காருங்க. தீவனம் அடுக்க ஒரு குடோன் வேணும்னாரு. சும்மா ஒருக்காப் பாத்துட்டு வரலாம்னு கெளம்பினோம்.”

குடோனில் மயிலாத்தாளும் தறி ஓட்டுகிறவர்களும்தான் இருந்தார்கள். தீர்ப்பு அவர்களுக்குத் தெரியாது. தம்பிதுரை போய் வாசலில் நின்றால் ‘வாங்க’ என்பார்கள். நாற்காலி போடுவார்கள். அவர் காத்திருந்தால் தறியையும் நிறுத்துவார்கள். திருமலைசாமி பஸ்ஸில் போய்ச் சேரும்போது இடம் அளந்து முடிந்து டேப் சுருண்டு பைக்குள் போயிருக்கும்.

“ஏறுங்க தம்பி. ஊட்டுக்குத்தானே?”

தம்பிதுரை உள்பக்கமாக நகர்ந்து இடம் விட்டார். திருமலைசாமி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.