அழிந்த குடும்பத்து வரன்

மங்கையர்க்கரசியைப் பெண் பார்க்க வந்தது ஓர் அழிந்துபோன குடும்பம். தரகர் ஞானமுத்து எதையும் மறைக்கவில்லை.

"எப்பவோ பூமியிலேருந்தே அழிஞ்சுட்டாங்க. மத்தபடி நல்ல குடும்பம்," என்றார்.

மாப்பிள்ளை மட்டும்தான் வந்திருந்தார். குதிரை முகம். முன்கை நீளம், பின்கால் குட்டை. விரல்களில் கொக்கி போன்ற நகங்கள். சோபா கிழிந்துவிடாமல் அவற்றை உள்பக்கமாக மடக்கி வைத்துக்கொண்டார். அரசிக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றும்போதே அவள் நிறத்தைப் பற்றிப் பேசியவர்கள்.

அப்பா தங்கப்பாண்டி தொண்டையைச் செருமினார். "குளம்பு வம்சம்னு சொன்னாங்க. இங்க நகம்ல இருக்கு?"

"வம்சம் குளம்புதாங்க. எங்க குடும்பத்துக்கு மட்டும் நகம்," என்றார் மாப்பிள்ளை.

"ஏன்?"

"கிளையை வளைக்க வசதி."

அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். சொர்ணம் அத்தை விடவில்லை.

"பையன் என்ன பண்றாரு?"

"அழிஞ்சுபோயிருக்காரு," என்றார் தரகர்.

"பர்மனென்டா?"

"பர்மனென்ட்."

அத்தை முகம் மலர்ந்தது.

மாப்பிள்ளை பஜ்ஜியைத் தொடவில்லை. தட்டிலிருந்த வெற்றிலையைத் தின்றார். பிறகு எழுந்து நிலைப்படியில் கட்டியிருந்த மாவிலையைத் தின்றார்.

தனியாகப் பேச வேண்டும் என்றாள் அரசி. இருவரும் கொல்லைப்பக்கம் போனார்கள். கொல்லை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. துணி காயும் கொடிக்கு அப்பால் காடு தொடங்கியது.

"எப்படி அழிஞ்சீங்க?"

"காடு குறைஞ்சுது. ஒவ்வொருத்தரா கிளம்பினாங்க. நான்தான் கடைசி. கதவைச் சாத்திட்டு வந்தேன்."

"பயமா இருந்துச்சா?"

"போரடிச்சுது."

அரசி சிரித்துவிட்டாள். பெண் பார்க்க வந்த யாரும் இதுவரை அவளைச் சிரிக்க வைத்ததில்லை. உள்ளே பார்த்து, "எனக்குச் சம்மதம்பா," என்று குரல் கொடுத்தாள்.

கூடத்தில் தரகர் பஞ்சாங்கத்தைப் பின்பக்கமாகப் புரட்டுவது கேட்டது. "ஒரு கோடி வருஷத்துக்கு முன்னாடி நல்ல முகூர்த்தம் இருக்கு."

"மண்டபம் கிடைக்குமா?" என்றார் அப்பா.

"அப்போ எல்லாமே காலிதான்."

"அப்படியே முடிச்சிருவோம்."

அத்தை பொங்கிவிட்டாள். "அப்போ கல்யாணம் முடிஞ்சுபோச்சா? என்னை யாருமே பந்திக்குக் கூப்பிடலையே!"

"கூப்பிட்டேனே அக்கா. நீதான் சாம்பார்ல உப்பில்லைன்னு எழுந்து போனே," என்றார் அப்பா.

அத்தை யோசித்தாள். "ஆமா, உப்பில்லைதான்."

அப்பா பின்வாசலைப் பார்த்துக் கேட்டார். "மாப்பிள்ளை, எப்போ கிளம்பறீங்க?"

"கிளம்பி ரொம்ப நாளாச்சு மாமா."

அரசி திரும்பிப் பார்த்தாள். கொல்லைக்குப் பின்னால் காடுதான் இருந்தது; வீடு இன்னும் கட்டப்படவில்லை. தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். பசிதான் வந்தது.