பள்ளிக்கூடம் விடும் நேரம்

"மெதுவாடி! தலகாணி உறைய உருவற மாதிரி உருவறியே, தோலும் சேர்ந்து வருது."

பெரியவள் கையின் வேகத்தைக் குறைத்தாள். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைந்த விரிப்பைச் சுருட்டி முதுகுக்கடியில் செருகினாள். கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய் இழுத்து எடுத்தாள். மெத்தைமேல் கிடந்த பிளாஸ்டிக் தாளைத் துடைத்துவிட்டு வேறு விரிப்பைப் போட்டாள். அம்மா கண்ணைத் திறக்காமலே கையால் தடவிப் பார்த்தாள்.

"சுருக்கம் இருக்கு."

"இல்லம்மா."

"இடுப்புக்குக் கீழ. எனக்குத் தெரியாதா?"

இருந்தது. சட்டைக் கம்பெனியில் செக்கராக இருந்த கை அது. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, திருப்பித் தைக்கச் சொல்லிக் கூடையில் எறிந்த கை. இப்போது அதில் எலும்புதான் மிச்சம். குணம் அப்படியே இருந்தது. கஞ்சி கட்டியாக இருக்கிறது. தண்ணீர் சுடுகிறது. ஜன்னலைத் திறந்தால் வெயில், மூடினால் புழுக்கம். பெரியவள் செய்கிற எதுவும் அந்தக் கையில் தேறியதில்லை.

தங்கை குட்டி பிறந்த அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் பெரியவள். வயசு பதினேழு. இந்த வருஷம் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். "அடுத்த வருஷம் எழுதிக்கலாம், படிப்பு எங்க ஓடிப்போகுது?" என்று அப்பா சொல்லிவிட்டார். படிப்பு ஓடாது. கூடப் படித்ததுகள் ஓடிப்போய்விடும். அதை அவருக்கு யார் சொல்வது? பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கை பிடித்து இறக்கிவிடுகிறவருக்கு இந்த அறைக்குள் வர மட்டும் தைரியம் கிடையாது. கதவோரம் நின்று "சாப்பிட்டாளா?" என்பார். சாப்பிட்டாள் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே தலையாட்டல்தான்.

வாந்தியும் வாளியும் பெரியவளுக்கு. சிரிப்பு மட்டும் குட்டிக்கு.

அது வீட்டில் எல்லாரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குச் சற்று முன்னால் அம்மாவுக்கு வலி மருந்து. அது வேலை செய்யத் தொடங்கியதும் தலைமாட்டில் இரண்டு தலையணை, முகத்துக்குப் பவுடர், கையின் மெலிவு தெரியாதபடி முழுக்கை நைட்டி. வாளி பின்பக்கம் போகும். அறையைச் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். அப்பா தெருமுனையில் இரண்டு ஹார்ன் அடிப்பார். அந்த ஹார்னுக்கு அம்மா முகத்தை நிமிர்த்துவாள். அவ்வளவு நேரம் முனகிக்கொண்டு கிடந்தவளா இவள் என்று இருக்கும்.

குட்டி பையோடு வந்து கட்டிலில் விழுவாள். கம்பெனியிலிருந்து எப்போதோ கொண்டுவந்த அம்பு ஸ்டிக்கர் தாளை அம்மா எடுத்து வைத்துக்கொள்வாள்.

"நகத்துல என்ன இது, அரை கிலோ மண்ணு? சடை ஒண்ணு ஏறுது, ஒண்ணு எறங்குது. இந்தச் சரக்கு தேறாது, திருப்பி அனுப்புங்க!"

"நான் தேறுவேன்! இன்னொரு தடவ பாரும்மா!"

மூக்கில் ஒன்று, காதில் ஒன்று, முழங்காலில் ஒன்று என்று அம்புகள் ஏறும். குட்டி கீச்சிடுவாள். அம்மாவும் சிரிப்பாள், தொண்டை அடைத்த ஒரு சிரிப்பு. பின்பக்கம் வாளி கழுவிக்கொண்டிருக்கும் பெரியவள் அந்தச் சிரிப்பு முடிகிறவரை குழாயை மூட மாட்டாள். அந்தச் சடைகளைப் பின்னியதும் அவள்தான். ஏறுது இறங்குது என்றால் யாருக்கு அந்த அம்பு?

எட்டு வயசுப் பிள்ளைமேல் பொறாமை என்று வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். அவள் சொல்லவில்லை. சொல்லாததால் அது இல்லாமல் போய்விடுமா? குட்டிக்குச் சோறு போடும்போது கரண்டி தட்டில் கொஞ்சம் சத்தமாக இடிக்கும், அவ்வளவுதான்.

அன்று காலையில், வீட்டுக்கே வந்து அம்மாவைப் பார்க்கிற நர்ஸக்கா வந்து நாடி பார்த்தார். அம்மாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ரொம்ப இழுக்காதுமா. இன்னிக்கோ நாளைக்கோ. அப்பாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னார்?"

"சாயங்கால டிரிப்ப முடிச்சிட்டு வரேன், பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்னார்." நர்ஸக்கா அவள் கன்னத்தைத் தட்டினார். "நல்லா இருக்கற நேரத்துல பேச வேண்டியதெல்லாம் பேசிடுங்க."

நல்லா இருக்கிற நேரம். நாளுக்கு ஒன்று. அதுவும் குட்டிக்கு எழுதி வைத்தாகிவிட்டது.

மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தாள். சாயங்காலத்து மருந்து. இப்போது கொடுத்தால் பள்ளிக்கூடம் விடும்போது வேகம் இறங்கியிருக்கும். இடைவெளி இல்லாமல் மறுபடி கொடுக்கக் கூடாது, மூச்சுக்கு ஆபத்து என்று நர்ஸக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எல்லாம் தெரியும். தெரிந்தே மூடியைத் திறந்து அளந்து ஊற்றினாள்.

பவுடர் போட்டாள். நைட்டி மாற்றினாள். தலையணைகளை அடுக்கினாள். தனக்கும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, குட்டி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

அம்மாவின் நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. கண் திறந்து கதவைப் பார்த்தாள்.

"குட்டி வந்துட்டாளா? ஹார்ன் கேக்கலியே."

"இன்னும் இல்ல."

"அப்ப எதுக்கு இந்தக் கோலம்?"

"சும்மாதான். நாம பேசலாம்னு."

"உன்கூட என்னத்தடி பேசறது?" அம்மா நிஜமாகவே யோசித்தாள். "உங்கப்பாவுக்கு உப்பக் கொற. பிரஷர எங்கயும் பாத்துக்க மாட்டார். குட்டிக்கு வாரம் ஒருக்கா பேன் பாரு. காஸ் டியூப் பழசாயிடுச்சு, மாத்தச் சொல்லு."

"வேலைதானா? என்கிட்ட சொல்றதுக்கு வேலையத் தவிர வேற ஒண்ணுமே இல்லயா?"

அம்மா பார்த்தாள். பெரியவள் ஸ்டிக்கர் தாளை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"எனக்கும் ஒட்டு."

"பைத்தியமா உனக்கு?"

"ஒட்டுன்னா ஒட்டேன். அவகிட்ட மட்டும் சிரிக்கற. நான் வந்தா மூஞ்சி சுருங்கிடுது. நாள் பூரா உன் பீய அள்ளறது நானு, கொஞ்சறது அவளையா?"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அம்மா கோபப்படவில்லை. தாளைக் கையில் எடுத்து, ஒரு அம்பின் நுனியை நகத்தால் நெம்பினாள். அது உரியவில்லை. கையைக் கீழே போட்டாள்.

"முடியலடி. அவகிட்ட நடிக்கறதுக்கே தெம்பு பத்தல."

"என்கிட்டயும் ஒரு நாள் நடிச்சாத்தான் என்ன?"

தெருவில் யாரோ பழைய இரும்புக்குக் கூவிக்கொண்டு போனார்கள். அம்மா கன்னத்தைத் தலையணையில் தேய்த்தாள்.

"பவுடரத் தொடச்சுவிடு. அரிக்குது."

துடைத்தாள்.

"ஒரு தலகாணிய எடு. கழுத்து வலிக்குது."

எடுத்தாள். அம்மா கால் இரண்டையும் அகட்டிப் போட்டு, நைட்டி முழங்காலுக்கு மேல் ஏறியதைக்கூடக் கவனிக்காமல், "அப்பாடா" என்றாள். பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிப்போனாள். திருடிய நேரம் முழுக்க அந்தக் குறட்டையிலேயே போனது. பெரியவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குட்டி இந்தக் குறட்டையைக் கேட்டதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

வலிதான் அம்மாவை எழுப்பியது. அதுவரை பார்த்த வலி இல்லை. மூச்சு இழுக்கும்போது தொண்டையில் ஏதோ உருண்டது. பெரியவள் நர்ஸக்காவுக்குப் போன் போட்டாள். "இதோ கெளம்பிட்டேன், வேற மருந்து எதுவும் குடுத்துடாதே" என்றார்.

"மருந்து குடு."

"இப்ப குடுக்கக் கூடாதும்மா."

"ஏன்?"

அம்மா மருந்து பாட்டிலைப் பார்த்தாள். பொட்டு வைத்த அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு சுருக்கத்தைக்கூட மன்னிக்காதவள், அப்போது எதுவுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தெருமுனையில் ஹார்ன் கேட்டது. இரண்டு தடவை.

"உள்ள விடாத" என்றாள் அம்மா. "அவ பாக்கக் கூடாது."

பெரியவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அம்மா துண்டின் நுனியை இழுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வெளியே பை விழுந்த சத்தம், ஓடிவந்த கால், கதவில் இரண்டு கை.

"அம்மா! இன்னிக்கு நகம் வெட்டியிருக்கேன்! பாரும்மா! அக்கா, தொற!"

"அப்பா, அவளக் கூட்டிட்டுக் கடைக்குப் போங்க."

"என்னம்மா ஆச்சு?" அப்பாவின் குரல் கதவை ஒட்டி வந்தது.

"போங்கப்பா. நர்ஸக்கா வராங்க. நான் பாத்துக்கறேன்."

"வா குட்டி, கடைக்குப் போலாம்" என்றார். ஒரு வேலை கிடைத்ததில் அவருக்கு நிம்மதிதான். ஆனால் குட்டி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "அக்கா கெட்டவ! அம்மா, அக்காவத் திட்டு!" அவளைப் பிய்த்துத் தூக்கிப் போனது கேட்டது. வேன் கதவு சாத்தும் சத்தமும் கேட்டது.

பெரியவள் கட்டிலுக்கு ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "போயிட்டா. இனிமே கத்துமா. யாரும் இல்ல, கத்து."

அம்மா துண்டை விடவில்லை. பல்லை இறுக்கி, கண்ணைக் கதவுப் பக்கமே வைத்திருந்தாள். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வரப் பெரியவள் காத்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாதபோதும், கடைசிக் கத்தலைக்கூடக் குட்டிக்காகவே அடக்கிக்கொண்டு அம்மா போய்விட்டாள்.

துண்டை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாள். நர்ஸக்கா வருவதற்குள் வாயைத் துடைத்து, தாடையைக் கட்டி, நைட்டியை இழுத்துவிட்டாள். விரிப்பின் சுருக்கத்தையும் நீவிவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஷிப்டு விட்டு அப்படியே வந்தவர்கள், சட்டையிலும் தலைமுடியிலும் நூல் பிசிறு. பொத்தான் மெஷினில் வேலை செய்யும் பொத்தான் அக்கா, அம்மாவுக்கு நெருங்கிய சிநேகிதி, குட்டியை வாரி மடியில் போட்டுக்கொண்டார்.

"பச்சப் புள்ளைய இப்படி விட்டுட்டுப் போயிட்டியே! எங்க வந்தாலும் குட்டி குட்டின்னு இந்தப் பேச்சுதானே உனக்கு!"

எல்லாரும் குட்டியின் தலையைத் தடவினார்கள். பெரியவளிடம் டம்ளர் எங்கே, நாற்காலி எங்கே என்று கேட்டார்கள். "நீதான் பெரியவ. நீ உடையக் கூடாது" என்றார் ஒருவர். அவள் டம்ளர்களை எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா கதவச் சாத்திட்டா" என்றாள் குட்டி எல்லாருக்கும் கேட்கும்படி. "என்னைய உள்ளயே விடல."

பொத்தான் அக்கா நிமிர்ந்தார். "ஏம்மா, கடைசி மொகத்த அந்தப் புள்ளைக்குக் காட்டியிருக்கலாமே?"

வாசலில் நின்ற அப்பா தரையைப் பார்த்தார். பெரியவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. துண்டு, பல், தொண்டையில் உருண்டது எல்லாவற்றையும் அந்த மடியில் கொட்டிவிட்டால், இன்று ஒரு நாளாவது குட்டியும் அவளைப் போல ஆகிவிடுவாள். குட்டி எழுந்து கிட்டே வந்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அம்மா அழுதாங்களா?"

பெரியவள் தன் முகம் நிமிர்வதை உணர்ந்தாள்.

"எங்க அழுதாங்க? தூங்கிட்டிருந்தாங்க. நல்ல குறட்டை. நீ வந்து கதவத் தட்டினதும் லேசா சிரிச்சாங்க."

"நெஜமா?"

"நெஜமா. நகம் வெட்டினாளான்னு கேட்டாங்க. வெட்டியிருக்கான்னேன்."

குட்டி தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பொத்தான் அக்காவின் மடிக்கே திரும்பிப் போனாள்.

பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. பொத்தான் அக்கா தட்டை வாங்கிப் பிசைந்து, உருட்டி, "ஒரு வாய், என் கண்ணுல்ல" என்று குட்டிக்கு ஊட்டத் தொடங்கினார். பெரியவள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை, யாரும் கேட்கவில்லை. இரண்டாவது உருண்டை தட்டிலிருந்து எழும்பியது. குட்டி வாயைத் திறந்தாள். எதிரே இருந்தவளின் வாயும் கொஞ்சம் திறந்தது.

அவள் அதை மூடிக்கொண்டு எழுந்துபோய், குட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.