கடித்துத் தின்னக்கூடிய தட்டு

09.08.2024, வெள்ளி

இன்று வகுப்பில் என் பரிசோதனை அட்டவணையில் ஒரு பிழை விட்டுவிட்டேன். 'சுவை: எதுவும் இல்லை' என்பதைக் குறைகளின் பக்கத்தில் எழுதியிருந்தேன். குணலட்சுமி ரீச்சர் பார்த்துவிட்டு, பொதிக்குச் சுவை இல்லாதிருப்பதுதான் நல்லது, உள்ளே இருக்கும் சாப்பாட்டை அது கெடுக்காது என்றார். வெட்டிவிட்டு நிறைகளின் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இனி யோசித்து எழுத வேண்டும்.

லவீனா பேனையை மூடினாள். பிழை சிறியதுதான். ஆனால் அதை எழுதி ஒப்புக்கொள்ளாமல் அவளால் படுக்கைக்குப் போக முடியாது. பகலில் அவளுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை. பின்னேரங்களில் நகரத்தில் உணவுப் பொதியிடல் வகுப்பு. மருந்து கட்டுகிற கவனத்தோடுதான் மாவையும் தண்ணீரையும் அளப்பாள். அளந்த பிறகும் சரியாக அளந்தேனா என்று இன்னொரு தரம் பார்ப்பாள்.

அந்தத் தட்டின் கதை அவள் யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தையில் தொடங்கியது.

குருநகரில் அவர்களுடைய பங்குக் கோயில் பெருநாளன்று, பூசை முடிந்ததும் முற்றத்தில் தின்பண்டக் கடைகள் போடுவார்கள். வேப்பமரத்தடி இடம் லவீனாவின் தாய் இராசாத்தியுடையது. அவளுடைய இறால் வடைக்கு அன்றைக்குத்தான் நாலு ஊர்ச் சனமும் வரும். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் அந்த இடத்தில் நின்று தின்றுவிட்டு, கலியாணத்துக்கும் செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கும் பலகாரம் சொல்லிவிட்டுப் போவார்கள். வருசம் முழுக்க அடுப்பு எரிவது அந்த ஒரு காலை நேரத்தால்தான்.

போன வருசம் கடற்காற்று பலமாக அடித்தது. சாப்பாடு சுற்றும் பிளாஸ்ரிக் லஞ்ச் சீற்றும் வாழையிலைத் துண்டுகளும் கோயிலுக்குள்ளேயே பறந்து போய்ப் பீடத்தடியில் ஒதுங்கிவிட்டன. அதனால் இந்த முறை பங்குச் சபை கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பிளாஸ்ரிக் மட்டுமல்ல, கடதாசியும் கூடாது, இலையும் கூடாது. எவருடைய கடையடியில் குப்பை கிடக்கிறதோ அவருக்கு அடுத்த வருசம் இடமில்லை. சபையின் செயலாளர் ஜஸ்ரின் வீட்டுக்கே வந்து இதைச் சொன்னான். எவர்சில்வர் தட்டில் கொடுக்கலாமென்றால், கழுவத் தண்ணீர் பௌசர் வண்டியில் வந்தால்தான் உண்டு.

"அப்ப வடையை என்னத்திலை குடுக்கிறது? உள்ளங்கையிலையோ?" என்று தகப்பன் சிமியோன் கேட்டார்.

"தட்டையும் சேர்த்துத் தின்னக் குடுக்கலாம்" என்று உள்ளே இருந்து லவீனா சொன்னாள்.

சொன்ன பிறகுதான் அது தன் வாயால் வந்தது என்று அவளுக்கு உறைத்தது. வகுப்பில் இரண்டு நாள் முன்னர் படித்த பாடம் அது. செய்து பார்த்ததில்லை. ஆனால் இராசாத்தி மறு கேள்வி கேட்கவில்லை. மகள் படிக்கிறாள், மகள் செய்வாள் என்று ஜஸ்ரினிடம் அந்த இடத்திலேயே பொறுப்பேற்றுவிட்டாள். தாயின் அந்த நம்பிக்கைதான் லவீனாவைப் பயமுறுத்தியது.

மரவள்ளி மாத் தட்டு ஆறியதும் வெடித்தது. பனங்கிழங்கு ஒடியல் மாத் தட்டு கசந்தது. அரிசி மாத் தட்டு கையில் எடுத்ததும் உடைந்தது. கடைசியில் வெள்ளைக் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் கலந்து, சூடான இரண்டு இரும்புத் தகடுகளுக்கு இடையே அழுத்தி எடுத்தபோது சரியாக வந்தது. தகடுகளை அச்சுவேலியில் ஒரு பட்டறையில் செய்வித்தாள். உள்ளங்கை அகலம், நல்ல வட்டம், மெல்லியது, வெள்ளை. எண்ணெய் வடையை வைத்தாலும் நெடுநேரம் ஊறவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தாள். அளவெட்டி மயூரதன் வடையோடும் தின்றான், வடை முடிந்த பிறகு வெறும் தட்டையும் தின்றான். சம்பல் இருந்தால் இன்னும் நல்லாயிருக்கும் என்பது மட்டும்தான் அவனுடைய குறை. வகுப்பில் அவளைத் தவிர எல்லோரும் வலிகாமத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு தட்டுக்கு அதில் என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படி ஒரு நினைப்பே அவளுக்கு வரவில்லை.

சனிக்கிழமை தட்டுகளைப் பெட்டிகளில் அடுக்கினார்கள். ஒரு பெட்டியை லவீனா நிலத்தில் வைத்ததும் இராசாத்தி ஓடிவந்து தூக்கினாள்.

"கீழை வையாதை பிள்ளை."

எறும்புக்குப் பயந்து சொல்கிறாள் என்று லவீனா எடுத்துக்கொண்டாள். மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைத்தாள். இராசாத்தி பெட்டிகளை மாதா சொரூபத்துக்குப் பக்கத்துப் பலகையில் கொண்டுபோய் வைத்ததைப் பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. இராசாத்திக்கும் ஏன் என்று தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பெருநாள் பூசைக்குக் கோயில் கொள்ளாத சனம். நற்கருணை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் வெயிலில் இறங்கியதும் நேரே வேப்பமரத்தடிக்குத்தான் வந்தார்கள். இறால் வடை வாசம் அப்படி. முதல் ஆள் சிமியோனோடு கடற்றொழிலுக்குப் போகிற டினேஸ். தட்டில் வடையும் சம்பலும் வாங்கி, ஒரு ஓரமாக நின்று ருசித்துத் தின்றார். வடை முடிந்தது. தட்டு கையில் இருந்தது.

"அண்ணை, அதையும் தின்னலாம்" என்றாள் லவீனா.

"ஓம் தங்கச்சி, விளங்குது."

விளங்கியும் அவர் தின்னவில்லை. தட்டைத் திருப்பிப் பார்த்தார். எறிய இடம் தேடுவதுபோல் சுற்றிப் பார்த்தார், எறியவுமில்லை. பிறகு வந்து, இரண்டு கையாலும் அதை மேசையில் வைத்தார்.

"உதை நீ வைச்சிரு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டியிருந்த சறத்தில் துடைக்காமல் நடந்தார்.

அவருக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை தட்டை வாய்க்குக் கொண்டுபோனது. தாய் எட்டி அதன் கையைப் பிடித்தாள்.

"கடியாதை."

"இது தட்டு, அம்மா. தின்னலாமெண்டு அந்த அக்கா சொன்னவ."

"கடியாதை எண்டு சொன்னனெல்லே."

அந்தக் குரலை லவீனாவுக்குத் தெரியும். முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மைக்கு முதல் நாள் இராசாத்தி அவளுக்கும் அதே குரலில்தான் சொல்லியிருந்தாள்: கடியாதை, நாக்கிலை கரையவிடு. அவள் மேசையைப் பார்த்தாள். வட்டமாக, வெள்ளையாக, மெல்லியதாக, நற்கருணையாக நாக்கில் வைக்கும் ஓஸ்திகள் அடுக்கியிருந்தன. சற்று முன்னர் பீடத்தில் பாதர் உயர்த்திப் பிடித்ததும் இதே அளவு, இதே மா, இதே தண்ணீர். மாதக்கணக்கில் தடிப்பைப் பார்த்தாள், ஈரத்தைப் பார்த்தாள், எண்ணெய் ஊறுகிற நேரத்தைப் பார்த்தாள். தட்டைப் பார்க்கவில்லை.

அதற்குள் மேசையில் திரும்பி வந்த தட்டுகள் சேரத் தொடங்கிவிட்டன. இராசாத்தி ஒரு சருவச் சட்டியை எடுத்து அவற்றை அடுக்கினாள். எல்லோரும் பார்க்க ஒன்றைத் தின்று காட்டினால் சரியாகிவிடும் என்று லவீனாவுக்குத் தோன்றியது. இது வெறும் தட்டு என்று சத்தமாகச் சொல்லி, ஒரு புதுத் தட்டை உடைத்து வாயில் வைத்தாள். பல்லை மூடப் பார்த்தாள். பல் மூடவில்லை. நாக்கு அதை மேலண்ணத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு கரைத்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள் என்று பிறகு சிமியோன் சொன்னார்.

யாரோ போய்ச் சொல்லிப் பங்குத்தந்தையே வந்தார். நல்ல மனிதர். பூசையில் மந்திரிக்காத மா வெறும் மாதான், இதில் ஒரு பாவமும் இல்லை, இராசாத்தியின் வடையை எல்லோரும் வாங்கித் தின்னுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சனமும் சிரித்தது. வரிசை மறுபடி சேர்ந்தது. தானே முதலில் தின்று காட்டுகிறேன் என்று பாதர் ஒரு தட்டை எடுத்தார். எடுத்த கைகள் பூசையில் செய்வதுபோல் தம்பாட்டில் உயர்ந்து, அதை நடுவால் இரண்டாக உடைத்தன.

பின்னால் ஒருவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பாதருக்கும் தம் கைகள் செய்தது அப்போதுதான் தெரிந்தது. ஒரு பாதியைத் தின்றார். மறுபாதியை என்ன செய்வதென்று அறியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையில் முன்னுக்கு நின்ற றெஜினா மாமி தன்னை அறியாமல் வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்.

அதற்குப் பிறகு ஒருவரும் தட்டைத் தொடவில்லை. சிலர் வெறுங்கையில் வாங்கிப் பார்த்தார்கள். எண்ணெய் சுட்டது, நல்ல சேலையில் வடிந்தது. பெரும்பாலானவர்கள் இராசாத்தியிடம் சுகம் விசாரித்துவிட்டுக் கச்சான் கடலைக் கடைப் பக்கம் போனார்கள். யாரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். பொரித்த வடைகள் தாச்சிப் பக்கத்தில் ஆறின.

மத்தியானம் ஜஸ்ரின் முற்றத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"மாமி, உங்கடை கடையடியிலைதான் ஒரு துண்டுக் குப்பையும் இல்லை" என்றான். உண்மையாகவே சந்தோசப்பட்டான். பிறகு சருவம் கண்ணில் பட்டது. குரலைத் தாழ்த்தினான். "பிழையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை மாமி. ஆனா சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. வாற வருசம் உங்களுக்கு இந்த இடம் வேண்டாம் எண்டு சபையிலை நினைக்கினம்."

"ஓம் தம்பி" என்றாள் இராசாத்தி.

லவீனா இடையில் புகுந்தாள். அடுத்த முறை சதுரமாகச் செய்யலாம், மஞ்சள் போடலாம், வேறு மாவில் செய்யலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஜஸ்ரின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைக் கண்டதும் அவளே பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் சருவத்தை மேசையில் வைத்தார்கள். தட்டுகளில் எண்ணெயும் சம்பலும் காய்ந்திருந்தன. கோழிக்குப் போடலாம் என்று சிமியோன் தொடங்கினார், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கடலில் போடலாமே என்றார்.

"மீன் தின்னும். மீனை நாங்கள் தின்னுவம்" என்றாள் இராசாத்தி. அதில் என்ன பிழை என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

"அம்மா, உது வெறும் மா. பாதரே சொன்னவர்."

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றாள் இராசாத்தி. "என்ரை கைக்குத்தான் தெரியேல்லை."

அவள் மகளை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து, விற்காத வடைகளை அயலுக்குக் கொடுத்தனுப்பினாள். யார் யாருக்குக் கலியாணம் வருகிறது என்று வழக்கமாகப் பெருநாள் பின்னேரத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அந்தப் பேச்சு எழவில்லை.

லவீனா நாட்குறிப்பை விரித்தாள். திகதியைப் போட்டாள். அட்டவணைப் பக்கத்தைப் புரட்டி, இன்றைய குறையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று பார்த்தாள். தடிப்பில் குறையில்லை. எண்ணெய் ஊறவில்லை. உடையவில்லை. 'சுவை: எதுவும் இல்லை' என்பதை மறுபடி குறைகளின் பக்கத்துக்கு மாற்றலாமா என்று யோசித்தாள். அதுவும் சரியில்லை. தலைப்புகளை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத் திகதிக்குக் கீழே எழுதினாள்.

11.08.2024, ஞாயிறு

வாற வருசம் வேப்பமரத்தடி இல்லை. அம்மா ஏசவில்லை.

நாளை: வேலைக்குப் போகுமுன் முருங்கைக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டித் தட்டுகளைப் புதைக்க வேண்டும். டினேஸ் அண்ணை வீட்டில் மண்வெட்டி கேட்க வேண்டும்.