பருந்துக்கு நாலரை மார்க்

சித்திரை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறே முக்கால் மணிக்கு, சண்பகத்தோப்புப் பருந்து என்ற பட்டப்பெயர் கொண்ட சிவபாண்டி மல்யுத்த மேடையின் மூலைக் கம்பத்தில் ஏறி எதிராளிமேல் பாய்ந்தான், கீழே வரவில்லை. பதினோரு அடி உயரத்துக்குக் குறையாமல், கைகளை விரித்துக் குப்புறப் படுத்த மேனிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தான். நடந்த இடம், இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில், படம் ஓட்டுவதை நிறுத்திவிட்ட ஒரு பழைய கொட்டகை. அன்று டிக்கெட் எண்பது ரூபாய், முறுக்கு பாக்கெட் பத்து ரூபாய்.

அங்கே ஞாயிறுதோறும் நடந்ததை மல்யுத்தம் என்று சொன்னால் மல்யுத்தமே கோபித்துக்கொள்ளும். நூல் மில்லில் ஷிப்ட் முடித்த ஆட்கள் பளபளக்கும் ஜட்டியை மாட்டிக்கொண்டு, யார் ஜெயிப்பது என்று டீ குடிக்கும்போதே பேசி முடித்துவிட்டு, அடிப்பதுபோல் அடித்து, சாவதுபோல் விழுவார்கள். அப்படித்தான் பொன்னுராஜ் எழுதினார். அவர் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்; துணியைப் பார்த்த மாத்திரத்தில் இழை எண்ணிக்கை சொல்வார். ஒன்பது வருஷமாக அந்தக் காட்சிக்கு விமர்சனம் எழுதினார், கம்பெனியின் செக்கிங் சீட்டிலேயே, ஐந்துக்கு இத்தனை மார்க் என்று. டீக்கடை அசன் முகம்மது அதைக் கடைச் சுவரில் ஒட்டி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார். மூவாயிரம் பேர் படித்தார்கள். அதில் பாதிப் பேர் காட்சிக்குப் போனதே இல்லை. திட்டைப் படித்தால் போதும் அவர்களுக்கு. "முதல் மோதல்: இரண்டு பஞ்சு மூட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. அரை மார்க்." "இரண்டாவது: செட்டியார்பட்டிச் சிறுத்தை நாற்காலியால் அடித்தார். இருவரையும்விட நாற்காலி நன்றாக நடித்தது. ஒரு மார்க், அதுவும் நாற்காலிக்கு." சிவபாண்டிக்கு மட்டும் எப்போதும் முட்டைதான். காரணம் ஊருக்கே தெரியும். பொன்னுராஜின் மகள் பாண்டிசெல்வியைக் காதலித்துக் கட்டிக்கொண்டவன் அவன். "பொய்யா விழுந்து சோறு திங்கிறவன்லாம் ஒரு ஆளா" என்று சொல்லிவிட்டு, மகளோடு அவர் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பேண்டேஜ் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தால், பண்டலைப் பிரித்துப் பார்க்காமலே சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சொருகிவிடுவார்கள். எல்லாப் பண்டலும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்பது சமாதானம். பொன்னுராஜும் அப்படியே செய்தார்; போகப் போக விமர்சனத்தையும் அப்படியே எழுதினார். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே ஞாயிற்றுக்கிழமைக் காட்சி எழுதி முடிந்துவிடும். ஞாயிறன்று போய் இரண்டு மோதலுக்கு உட்கார்ந்திருப்பார், மூன்றாவதற்கு மருமகன் மேடையேறியதும் எழுந்து வெளியே வந்துவிடுவார். அவர் எழுதியதற்கு மேல் ஒரு குத்துகூட அங்கே விழுந்ததில்லை, அதனால் அவருடைய இளக்காரம் வருஷத்துக்கு வருஷம் கொழுத்தது. அந்த வெள்ளிக்கிழமை, "பருந்து கம்பத்தில் ஏறிப் பாய்கிறான்" என்று எழுதும்போது லாரி வந்துவிட்டது. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர் மிச்சத்தை எழுத மறந்துபோனார். ஞாயிறு ஐந்து மணிக்கு அசன் முகம்மது அதை அப்படியே ஒட்டினார்.

பருந்துக்குக் கீழே அன்று மல்லாந்து கிடந்தவர் தேவதானம் டைனமைட். ஆள் வந்து விழும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது என்பது அவர்கள் தொழில் தர்மம். ஒன்றரை மணி நேரம் பிணம்போலக் கிடந்தவர், ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை விடமுடியாமல் எழுந்து, மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். தீயணைப்பு வண்டி வந்தது. இரண்டு பேர் சிவபாண்டியின் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களும் சேர்ந்து தொங்கியதுதான் மிச்சம். டாக்டர் ஏணியில் ஏறி ரத்த அழுத்தம் பார்த்தார், நன்றாகவே இருந்தது. பாண்டிசெல்வி நீளமான தொரட்டிக் கம்பில் தூக்குவாளியை மாட்டி மூன்று வேளையும் சோறு அனுப்பினாள். அடுத்த ஞாயிறு அவனுக்குக் கீழேயே காட்சி நடந்தது, கூட்டம் இரண்டு பங்கு. ஜனத்துக்கு வெட்கம் ஏது. மூன்றாவது வாரம்தான் ஜனம் பயந்தது. சிவபாண்டி தினம் ஒரு சாண் மேலே போக ஆரம்பித்தான், கூரையிலோ தகடு பிய்ந்துபோன பெரிய ஓட்டை.

சுவரில் இருந்த சீட்டை அசன் முகம்மது அப்போதுதான் திரும்பப் படித்தார்.

"அண்ணாச்சி, பாய்றான்னு எழுதியிருக்கிய. விழுந்தான்னு எழுதலையே?"

"போரும்வே, டீய ஆத்தும்" என்றார் பொன்னுராஜ். இருந்தாலும் அந்த ஆளை முட்டாளாக்கிக் காட்டவேண்டும் என்று பேனாவை எடுத்து, "வழக்கம்போல் பொய்யாக விழுந்தான்" என்று மீதியை எழுதினார். அதே நிமிஷம் கொட்டகையில் சிவபாண்டி உடம்பை வளைத்தான், காற்றில் கையை அறைந்தான், பல்லைக் கடித்து முனகினான். ஒரு முழு விழுகையையும் இருந்த இடத்திலேயே விழுந்து முடித்தான். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

கையில் தொரட்டிக் கம்போடு பாண்டிசெல்வி டீக்கடைக்கு வந்து நின்றாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அப்பன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எழுதுனபடிதான் அவிய விழுந்தாவ, அந்தரத்துல. பொய்யின்னுல்ல எழுதியிருக்கிய. நெசமா எப்டி விழுவாவன்னு என்னைக்காவது இருந்து பாத்திருக்கியளாப்பா?"

பொன்னுராஜ் பார்த்ததில்லை. அன்று திங்கட்கிழமை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு போய், காலிக் கொட்டகையின் முதல் வரிசையில் உட்கார்ந்து, மருமகனை அண்ணாந்து பார்த்தார். அவன் விலாவைச் சுற்றி பேண்டேஜ் கட்டியிருந்தது. அத்தனை உயரத்திலும் அவர் கண் துணியைத்தான் பார்த்தது. சல்லடை கெட்டது போங்கள். இழைக்கு இழை இடைவெளி. எந்தத் திருட்டுப் பயல் இதைப் பாஸ் பண்ணினான் என்று கேட்டார். பாண்டிசெல்வி பையிலிருந்து மிச்சச் சுருளை எடுத்தாள். அதோடு பண்டலில் இருந்த சீட்டும் வந்தது. அதில் அவர் கையெழுத்து.

"வாரா வாரம் உப்ப வறுத்து ஒத்தடம் குடுத்து இதத்தான் சுத்துதேன். செத்த நேரத்துல நெகிழ்ந்துருது. திங்கக்கெழமயானா அவியளால எந்திரிக்க ஏலாதுப்பா."

ஒன்பது வருஷம் அடுத்தவன் அடியைப் பொய் என்று எழுதிய மனுஷன், பிரித்துப் பாராத பண்டலுக்கு மெய் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மகள் முன்னால் மூக்கைச் சிந்தி அழுதார்.

தேவதானத்துக்கு ஆள் அனுப்பி டைனமைட்டை வரவழைத்து, பழைய இடத்திலேயே மல்லாத்தினார்கள். நடுவர் ஜோயல் விசிலோடு வந்தார். பொன்னுராஜ் வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதினார். "பாய்ந்தவன் விழுகிறான். முழங்கை முதலில் படும், பிறகு விலா. வலிக்கும். இதில் பொய் இல்லை." சிவபாண்டி சரேலென்று இறங்கினான். மார்க் போடவேண்டிய இடம் வந்தது. அஞ்சு என்று போட்டிருந்தால் கதை முடிந்தது. ஆனால் ஒன்பது வருஷத்து இளக்காரம் ஒரே நாளில் கையை விட்டுப் போகுமா? கேட்காமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனவன் வேறு. நாலரை என்று போட்டார். சிவபாண்டி டைனமைட்டின் வயிற்றுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டான். டைனமைட் தொழில் தர்மம் மாறாமல் "ஐயோ அம்மா" என்று அலறினார். ஜோயல் மூன்று எண்ணி, பருந்து ஜெயித்ததாக அறிவித்தார்.

அன்றிலிருந்து சிவபாண்டி தரைக்கு ஒரு சாண் மேலேதான் நடக்கிறான். டவுன் பஸ்ஸில் அவனுக்கு முழு டிக்கெட். மில்லில் உயரத்து நூல் அறுந்தால் அவனைக் கூப்பிடுகிறார்கள். மழைக்காலத்தில் காந்தி சிலைப் பக்கம் சகதியில் அவன் காலை மட்டும் பார்த்துச் சிலர் பொறாமைப்படுவதுண்டு. பொன்னுராஜ் ஒவ்வொரு பண்டலையும் பிரித்துப் பார்க்கிறார். லாரிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள்.

மருமகன் கீழே வந்த மூன்றாம் வாரம், மகள் கேட்டாள் என்பதற்காக, அந்த அரை மார்க்கையும் போட்டுத் தொலைப்போம் என்று டீக்கடையில் பேனாவைத் திறந்தார். சிவபாண்டி வேர்க்க விறுவிறுக்க வந்து குறுக்கே நின்றான்.

"வேண்டாம் மாமா. இப்பம்லாம் மேடையில உடம்பு படவே மாட்டேங்கு. எம்புட்டு விழுந்தாலும் வலி இல்ல. அந்த அரைய நீங்களே வச்சுக்கிடுங்க."

பொன்னுராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, அஞ்சு வாங்குற மூஞ்சியா அது" என்று சொல்லிப் பேனாவை மூடினார்.

இப்போது மூன்றாவது மோதலையும் கடைசிவரை இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். "பருந்து: ஒழுங்காக விழக்கூடத் தெரியாத ஆள். நாலரை." வாரம் தவறாமல் அதே திட்டு, அதே மார்க். பாண்டிசெல்வி சுவரில் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். ஒத்தடத்துக்கு உப்பு வறுத்த சட்டியில் இப்போது அவள் வறுப்பது நிலக்கடலை. அதில் ஒரு பொட்டலம் திங்கட்கிழமை காலையில் அப்பா வீட்டுக்குப் போகிறது.